தாய்க்கும் ஒரு கட்டில்

அனைவருக்கும் வணக்கம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை ஆஸ்பத்திரியில் பராமரிக்கும் முறை எப்படி மாறி வருகிறது என்பதைப் பற்றி இன்று பேசப்போகிறேன். இங்கே நர்சிங் படிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பேரன் பேத்தி எடுத்த பெரியவர்களும் இருக்கிறீர்கள். இரு தரப்புக்கும் இதில் வேலை இருக்கிறது.

1978ஆம் வருடம், கொலம்பியா நாட்டின் தலைநகர் பொகோட்டா. அங்கே ஏழைப் பெண்கள் பிரசவத்துக்கு வரும் ஒரு பெரிய மருத்துவமனையில், குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டி போதவில்லை. ஒரே பெட்டிக்குள் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்க வைத்தார்கள். ஒன்றுக்குத் தொற்று வந்தால் பக்கத்தில் கிடப்பதற்கும் வந்தது. பெற்றவளுக்கோ உள்ளே அனுமதி இல்லை. பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டுப் போன தாய்மார்களும் உண்டு. அப்போது எட்கர் ரே சனாப்ரியா என்ற குழந்தை மருத்துவர் ஒரு முடிவெடுத்தார்: உடல்நிலை தேறிய குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டிவிடுவோம், தாயின் உடல் சூடே அதற்குப் போதும். அடுத்த வருடம் எக்தோர் மார்த்தினெஸ் என்ற மருத்துவரும் சேர்ந்துகொண்டார். கங்காரு பராமரிப்பு என்று இன்று உலகமெல்லாம் சொல்வது அங்கே தொடங்கியதுதான்.

செய்முறை எளிது. குழந்தைக்குத் தொப்பி, காலுறை, இடுப்புத் துணி மட்டும். நிமிர்ந்த நிலையில் தாயின் வெற்று மார்பில் வைத்து, மூச்சு தடைப்படாமல் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, கை கால்களைத் தவளை மாதிரி மடக்கி, மேலே துணியால் கட்டிவிட வேண்டும். குழந்தையின் உடல் சூடு குறையாது. பால் பக்கத்திலேயே இருப்பதால் சப்பிப் பழகும். பல பேர் கை மாறுவதும் குறைகிறது. தாய் களைத்தால் அப்பா வைத்துக்கொள்ளலாம், பாட்டி வைத்துக்கொள்ளலாம்.

சரி, இவ்வளவு நல்ல முறை என்றால் எல்லா ஆஸ்பத்திரியிலும் முதல் நாளே ஏன் செய்யவில்லை? ஏனென்றால் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். குழந்தையின் உடல்நிலை முதலில் சீராகட்டும், அப்புறம் தாயிடம் கொடுக்கலாம் என்பது அது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இறந்துபோகும் குறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை இறப்பது அந்த முதல் சில நாட்களில்தான். மிகவும் தேவைப்படும் நேரத்தில் தாய் ஓரிடம், பிள்ளை ஓரிடம்.

இந்த நிபந்தனை தேவையா என்பதை உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்தது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் ஆய்வு நடந்தது. இந்தியாவில் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் எடையிருந்த 3,200க்கும் மேற்பட்ட குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பழைய முறை. மற்றொன்றுக்குப் பிறந்த உடனேயே மார்போடு அணைப்பு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே, நாளுக்குச் சுமார் 17 மணி நேரம். பழைய முறையில் 28 நாளுக்குள் இறந்தவை 15.7 சதவீதம், புதிய முறையில் 12 சதவீதம். இந்த வித்தியாசம் தெரிந்த பிறகு ஆய்வைத் தொடர்வது சரியல்ல என்று முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். 2021இல் முடிவு வெளியானது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையையே மாற்றிக்கொண்டது: பிறந்த உடனே தொடங்குங்கள், நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம்.

இரண்டு பிரிவுக்கும் சூடு தரும் வார்மர், ஆக்சிஜன், மருந்து எல்லாம் இருந்தன. மூச்சுக்கு உதவும் குழாய் மாட்டிய குழந்தைகூட அந்தக் குழாயோடே தாயின் மார்பில் இருந்தது. இன்குபேட்டரைத் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தானாக மூச்சுவிட முடியாத குழந்தைகள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. அவற்றுக்கு வென்டிலேட்டர்தான் வழி.

இந்த ஆய்வுக்காக வார்டையே மாற்றி அமைக்க வேண்டியிருந்தது. குழந்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் தாய்க்கும் ஒரு கட்டில் போட்டார்கள். எளிய காரியம் போலத் தெரியும், ஆனால் ஆஸ்பத்திரியின் நிர்வாகம் முழுவதும் இதில் அசைகிறது. பிரசவித்த தாய் மகப்பேறு துறையின் நோயாளி, குழந்தை குழந்தைகள் துறையின் நோயாளி. வார்டு வேறு, நர்ஸ் வேறு, கேஸ் ஷீட் வேறு. தாய் உள்ளே வந்துவிட்டால் அவளுடைய ரத்த அழுத்தத்தை யார் பார்ப்பது? உதிரப்போக்கை, சிசேரியன் தையலை யார் கவனிப்பது? பச்சிளங்குழந்தைப் பிரிவு நர்சுகளுக்கு அந்தப் பயிற்சியும் வேண்டும், மகப்பேறு மருத்துவர் அங்கே ரவுண்ட்ஸ் வரவும் வேண்டும். கழிப்பறை பக்கத்தில் வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பாடு வேண்டும். மார்பைத் திறந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத் திரை வேண்டும். இதையெல்லாம் சின்ன விஷயம் என்று தள்ளுகிறவர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது. திரை இல்லாத காரணத்தால் ஒரு தாய் குழந்தையைக் கீழே வைத்துவிட்டால் அத்தனை மருத்துவ அறிவும் அங்கே வீண்.

வெளியாள் வந்தால் கிருமி வரும் என்பது பழைய பயம். ஐந்து நாட்டு ஆய்வில் தாயோடு இருந்த குழந்தைகளுக்குத் தொற்று குறைவாகவே இருந்தது. கை கழுவக் கற்றுக்கொடுத்து, சுத்தமான மேலாடை கொடுத்து உள்ளே விட்டால் தாய் அங்கே வெளியாள் இல்லை. குழந்தை நிறம் மாறினால், மூச்சு தடுமாறினால் முதலில் கவனித்துச் சொல்பவளே அவள்தான். இந்திய அரசும் 2017இல் பெற்றோரைப் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குள் அனுமதித்துப் பழக்கும் வழிகாட்டுதலை வெளியிட்டிருக்கிறது. அதற்கு வழிகாட்டியது டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையின் அனுபவம்.

நர்சிங் மாணவிகளே, நீங்கள் வேலைக்குச் சேரும் இடத்தில் பெரிய டாக்டரிடம் பேசத் தயங்க வேண்டாம். 2022 பரிந்துரை உங்கள் பக்கம் இருக்கிறது. பெரியவர்களே, உங்கள் வீட்டில் எடை குறைந்து ஒரு குழந்தை பிறந்தால், "எப்போது காட்டுவீர்கள்?" என்று கேட்டுவிட்டு வெளியே காத்திருக்காதீர்கள். "எப்போதிலிருந்து மார்பில் வைத்துக்கொள்ளலாம், தாய் படுக்க உள்ளே இடம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். மகளால் முடியாத நேரத்தில் மாப்பிள்ளையைச் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரச் சொல்லுங்கள். அவர் வெட்கப்பட்டால் நீங்களே உட்காருங்கள்.