கேட்கத் தெரியாத தாகம்

நேயர்களுக்கு வணக்கம்.

சிறப்புக் குழந்தைகளின் கோடை முகாமுக்கு உதவ வரும் கல்லூரிப் பிள்ளைகள் முதலில் கேட்பது, "என்ன விளையாட்டுச் சொல்லிக் கொடுக்கணும்?" என்பதுதான். விளையாட்டு இருக்கட்டும். குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கத் தெரியுமா?

அக்னி நட்சத்திர வெயிலில் திருநெல்வேலியில் நாமே சொம்பு சொம்பாகக் குடிக்கிறோம். பேச்சு வராத குழந்தை தாகம் என்று கேட்காது. சிணுங்கும், கையைக் கடிக்கும், இல்லாவிட்டால் சுருண்டு படுத்துக்கொள்ளும். நாம் அதைச் சேட்டை என்போம். ஆகவே, கேட்கட்டும் என்று காத்திருக்காமல் அரைமணிக்கு ஒருமுறை நீங்களே தம்ளரை நீட்டுங்கள். ஆட்டிசம் உள்ள சில குழந்தைகள் வீட்டு பாட்டிலைத் தவிர வேறெதிலும் வாய் வைக்க மாட்டார்கள். அதையே கொண்டுவரச் சொல்லுங்கள். சேர்க்கைப் படிவத்தில் மாத்திரையின் பெயரும் வேண்டும். வலிப்புக்கு டோபிரமேட் சாப்பிடும் சில குழந்தைகளுக்கு வியர்வை சரியாக வராது, உடம்பு சட்டென்று கொதித்துவிடும். பத்தரை மணிக்கு மேல் மைதானம் வேண்டாம், நிழல் போதும்.

கழிப்பறைக்குத் தூக்கிப்போக ஆளில்லை என்று தண்ணீரையே குறைக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. அதைவிட முகாமே நடத்தாமல் இருக்கலாம்.

மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி: மூளை பாதிப்பால் உடல் அசைவும், பலருக்கு விழுங்குவதும் சிரமமாக இருக்கும்) உள்ள குழந்தைக்குத்தான் கூடுதல் கவனம். நம் ஊரில் அண்ணாந்து குடிப்பது மரியாதை. இந்தக் குழந்தைக்கு அதுவே ஆபத்து. கழுத்து பின்னால் சாய்ந்தால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகும். நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினாலும் குழந்தை அண்ணாந்துதான் பார்க்கும். எதிரே, அதன் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். முதுகு நிமிர்ந்து, தாடை சற்றே தாழ்ந்து இருக்கட்டும். ஒரு வாய் விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். சில குழந்தைகளுக்குப் புரையேறினாலும் இருமல் வராது. கண் கலங்குவதும் குரல் கரகரப்பதும் அடையாளமாக இருக்கலாம். வெறும் தண்ணீரைவிட உளுந்தங்கஞ்சிப் பதம் பலருக்கு எளிது. எவ்வளவு கெட்டியாக என்பதை வழக்கமாகப் பார்க்கும் சிகிச்சையாளர் சொல்ல வேண்டும். நுங்கு குளிர்ச்சிதான், ஆனால் முழுசாய்க் கொடுத்தால் வழுக்கி அடைக்கும். சாப்பிட்டதும் அரைமணி நேரம் படுக்க வைக்காதீர்கள்.

வலிப்பு வந்தால் சாவியை, இரும்பைத் தேட வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. நினைவு முழுசாகத் திரும்பும்வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது.

தாமிரபரணி பக்கத்தில்தானே, குளிக்கக் கூட்டிப்போவோம் என்று யாராவது கிளம்புவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குத் தண்ணீர் என்றால் தனி ஈர்ப்பு. ஆழமோ சுழலோ தெரியாது, நம் கை நழுவினால் நேராக அதற்குள் போய்விடும். பிளாஸ்டிக் தொட்டியில் முழங்கால் அளவு தண்ணீர் போதும். அப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர், செல்போன் இல்லாமல். ஆட்டம் முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்துவிட வேண்டும்.

சாயங்காலம் அம்மா வரும்போது "நல்லா விளையாடினான்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். எத்தனை தம்ளர் குடித்தான், எப்போதெல்லாம் சிறுநீர் போனான், கடைசியாகப் போனது மஞ்சளாக இருந்ததா என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். வீட்டில் ராத்திரிக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை அதைப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்வார்.