இலை எங்கிருந்து வந்தது?

நேயர்களுக்கு வணக்கம். நல்ல தலைமைக்கும் மோசமான தலைமைக்கும் என்ன வித்தியாசம் என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். முப்பது வருஷம் அலுவலக வேலை பார்த்தவள், கடைசிப் பதினோரு வருஷம் கீழே ஆட்களை வைத்து வேலை வாங்கியவள், அதனால் இவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்ததில் பாதியை ஒரு பீடிக்கடைத் திண்ணையில்தான் கற்றேன். மீதியைத் தப்பு செய்து கற்றேன்.

எங்கள் ஊர் திருநெல்வேலிச் சீமையில் ஆலங்குளத்துப் பக்கம். அம்மா பீடி சுற்றினாள். முக்கூடலோ மேலப்பாளையமோ, நம் பக்கத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் மடியில் சொளவை, அதாவது முறத்தை, வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடையில் பீடி இலையும் புகையிலைத் தூளும் எடை போட்டுத் தருவார்கள். இலையை ஊற வைத்து, தகடு வைத்து வெட்டி, சுற்றி, நூல் கட்டி, இருபத்தைந்து பீடி ஒரு கட்டு என்று நாற்பது கட்டு கொண்டுபோய்க் கொடுத்தால் ஆயிரம். கொடுத்த இலைக்கு ஆயிரம் வந்தாக வேண்டும். வராவிட்டால் வெளியே காசு கொடுத்து இலை வாங்கிச் சேர்க்க வேண்டியது சுற்றுகிறவள் பாடு.

அந்த இலை மத்தியப் பிரதேசம், ஒடிசா பக்கத்துக் காடுகளிலிருந்து மூட்டையாக வரும். சில மூட்டையில் பாதி இலை ஓட்டை. சிலது தொட்டால் நொறுங்கும். அதில் எண்ணூறு தேறினாலே பெரிய காரியம்.

எனக்கு நினைவு தெரிந்து அந்தக் கடையில் இரண்டு கணக்கர்கள் இருந்தார்கள். முதலாமவர் பேச்சில் தேன் வடியும். “என்ன தாயி, காய்ச்சல் தேவலையா?” என்று வீட்டு விசேஷம் வரை விசாரிப்பார். இலை மோசம் என்று யாராவது வாயெடுத்தால் அதே தேன் குரலில், “மத்தவங்க எல்லாம் கொண்டுவந்துட்டாங்களே தாயி” என்பார். மற்றவர்கள் எப்படிக் கொண்டுவந்தார்கள்? ராத்திரி கடனுக்கு இலை வாங்கித்தான். அது அவருக்கும் தெரியும்.

இரண்டாமவரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். வாயைத் திறந்தால் ஏச்சுதான். கட்டு தளர்ந்திருந்தால் பிரித்துத் தரையில் கொட்டிவிடுவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து கட்டுகளைக் கொண்டுபோகும்போது பயந்து பயந்துதான் படியேறுவேன். ஒரு நாள் புது மூட்டை பிரித்தார்கள். அண்ணாச்சி ஒரு பிடி இலையை எடுத்து வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். சல்லடை மாதிரி இருந்தது. பத்து இலையைப் பழைய பேப்பரில் மடித்து மேசைக்குள் வைத்துக்கொண்டார். சனிக்கிழமை கம்பெனி ஆள் வந்ததும் பேப்பரை அவர் முன்னால் பிரித்துப் போட்டார். “இதுல ஆயிரம் நீங்க சுத்திக் காட்டுங்க. இந்த வாரம் குறையுறத இந்தப் பிள்ளைக தலையில நான் எழுத மாட்டேன்.”

எல்லா வாரமும் அவர் சொன்னது எடுபட்டுவிடவில்லை. பல தடவை கம்பெனி ஆள் முறைத்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் அண்ணாச்சி வந்த பிறகு ஒன்று நடந்தது. இலை மோசமாக இருந்தால் பெண்கள் அன்றைக்கே கடைக்கு வந்து சொன்னார்கள். ஏச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்கள். தேன் பேச்சுக்காரர் காலத்தில் ஒருத்தியும் சொன்னதில்லை.

அதனால், சிரித்துப் பேசுகிறவர் நல்ல தலைவர், சிடுசிடுப்பவர் கெட்ட தலைவர் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. ஒரு குறை வந்து விழும்போது அது மேலே போகிறதா, கீழே இறங்குகிறதா என்றுதான் பார்ப்பேன்.

2023 டிசம்பரில் நம் பக்கம் வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. 17-ம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்திவைத்தார்கள். உள்ளே 800 பேர் அளவில் இருந்தார்கள். அந்த இருட்டில், கொட்டுகிற மழையில், ரயில் ஏன் நிற்கிறது என்று கேட்காத பயணி இருந்திருப்பாரா? கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் எப்படித் துடித்திருப்பார்கள்? ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையில் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போயிருந்தன. ரயிலை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே உடம்பு நடுங்குகிறது. நிறுத்துவதென்றால் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல ஒருவர் வேண்டும். அந்தச் சின்ன நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் அதைச் செய்தார். பக்கத்து ஊர்க்காரர்கள் மழையோடு மழையாகச் சோறு பொங்கிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு யார் உத்தரவு போட்டது?

பெரிய பெயர் ஒன்றும் சொல்ல வேண்டும் என்றால் எனக்கு வ.உ.சி.தான். அவர் கப்பல் விட்டதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில்லில் நடந்த வேலைநிறுத்தம்தான் பெரிதாகத் தெரிகிறது. வேலைக்குப் போகாத தொழிலாளியின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. வ.உ.சி. ஊரில் பணம் திரட்டினார், சிலருக்கு வேறு வேலையும் தேடிக்கொடுத்தார். மேடையில் முழங்கியவர்கள் அந்தக் காலத்திலும் நிறையப் பேர். அரிசிக்கு வழி பார்த்தவர்கள் கொஞ்சம். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி கூடியது, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது. சில நாளிலேயே, மார்ச் 12-ம் தேதி, அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியே பற்றி எரிந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார்.

இங்கே ஒரு சங்கடமான கேள்வியும் உண்டு. அவர் சிறையில் இருக்கும்போதே சுதேசிக் கப்பல் கம்பெனி கலைந்துபோனது. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது, அரசாங்கமும் அவர்கள் பக்கம். எல்லாம் சரி. ஆனாலும் ஒருவரைத் தூக்கிவிட்டால் விழுந்துவிடும்படி ஒரு காரியம் நின்றதென்றால், எல்லாப் பாரத்தையும் தன் தோளிலேயே வைத்துக்கொண்டதும் ஒரு குறைதானோ? அவர்மேல் மரியாதை வைத்துக்கொண்டேதான் கேட்கிறேன். பதில் என்னிடம் இல்லை.

அண்ணாச்சியைப் பற்றி இவ்வளவு பேசும் நான் என்ன செய்தேன்? மேலாளராகி இரண்டாம் வருஷம். மேலே அனுப்பிய ஒரு கணக்கில் தப்பு வந்துவிட்டது. மேலிடத்திலிருந்து வந்த படிவமே குழப்பமானது, அதைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தபோது, தட்டச்சு செய்த பையனின் பெயரை எழுதி அனுப்பினேன். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பையன். அவனுக்கு மெமோ போனது. மறுநாள் அவன் வழக்கம்போல எழுந்து நின்று வணக்கம் சொன்னான். நான் ஃபைலைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு என் அறைக்கு யாரும் கெட்ட சேதி கொண்டு வரவில்லை. எல்லாம் நன்றாக நடக்கிறது என்று ஒரு வருஷம் போல நினைத்துக்கொண்டிருந்தேன்!

அந்தப் பையனுக்கு மெமோ போன வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சும்மா பேச்சுவாக்கில் சொன்னேன், ஒரு பையன் தப்பு பண்ணிவிட்டான் என்று. அம்மா சுற்றுவதை நிறுத்தவில்லை. நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுக் கேட்டாள்: “ஏட்டி, இலை அவனா கொண்டுவந்தான்?”

வணக்கம்.