பழைய படங்களையும் நூல்களையும் பொதுவில் ஏற்றினால் நம் உரிமை போய்விடுமா?

மயிலாப்பூரில் ஒரு சிறு நூலகத்தைப் பராமரித்துவரும் அம்மா ஒருவர் இப்படிக் கேட்டு அனுப்பியிருக்கிறார்: "எங்களிடம் பழைய இதழ்களும் கடிதங்களும் கோயில் விழாப் படங்களும் இருக்கின்றன. அவற்றை விக்கிமீடியா பொதுவகம் என்ற, எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய இணையக் கோப்புக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டால் எங்கள் உரிமை போய்விடாதா? வேறு யாராவது அச்சிட்டு விற்றுவிட மாட்டார்களா?"

அம்மா, இந்தத் தயக்கம் நியாயமானது. ஆனால் தாள் உங்களுடையது என்பதாலேயே அதில் உள்ள எழுத்தின் பதிப்புரிமையும் உங்களுடையது ஆகிவிடாது. ஒரு புலவர் உங்கள் பாட்டனாருக்கு எழுதிய கடிதம் உங்கள் பீரோவில் இருந்தாலும், அந்த எழுத்தின் உரிமை எழுதியவருக்கும் அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளுக்கும் உரியது. ஆசிரியர் வாழ்ந்த காலத்தில் வெளிவந்த நூல்களுக்கு, அவர் மறைந்ததற்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு என்கிறது இந்தியச் சட்டம். உ.வே.சாமிநாதையர் 1942இல் மறைந்தார். ஆகவே அவர் தம் வாழ்நாளில் வெளியிட்ட நூல்கள் 2003 முதல் எல்லோருக்கும் பொது. எந்த நூலையும் ஏற்றுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்த்து, ஏற்றக்கூடியவற்றைத் தனியே பிரித்துவிடுங்கள்.

விற்பனை பற்றிய கேள்விக்கு ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்: ஆம், விற்கலாம். 'வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது' என்ற நிபந்தனையோடு வரும் கோப்புகளைப் பொதுவகம் ஏற்பதே இல்லை. இதற்கு ஜெர்மனியின் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் ஒரு வழி கண்டது. 2008இல் அது 80,000க்கும் மேற்பட்ட படங்களைப் பொதுவகத்துக்குக் கொடுத்தபோது, சிறிய அளவுப் படங்களையே கொடுத்து, பெரிய அளவுப் படங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அதைவிட முக்கியமானது அதற்குத் திரும்பக் கிடைத்தது: படங்களைப் பார்த்த தன்னார்வலர்கள், குறிப்புகளில் இருந்த ஆள்பெயர், இடம், தேதிப் பிழைகளை எடுத்துச் சொன்னார்கள். உங்கள் படங்களுக்கும் அப்படிப்பட்ட கண்கள் கிடைக்க வேண்டும் என்பதே என் ஆசை.

நம்மிடமே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களில் 2,000க்கும் மேற்பட்டவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் திறந்த உரிமத்தில் கொடுக்க, அவை தன்னார்வலர்கள் நடத்தும் இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்துக்கு வந்து சேர்ந்தன. வந்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் 'றா', 'னை' போன்றவை வேறு வடிவில் இருக்கும். எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள் அங்கேதான் தடுமாறும். தன்னார்வலர் ஒருவர், வருடிய (ஸ்கேன் செய்த) பக்கத்தை அருகில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகத் திருத்தி முடித்தால் அந்தப் பக்கம் மஞ்சள் நிறத்துக்கு மாறும். இன்னொருவர் மீண்டும் சரிபார்த்த பிறகே பச்சை ஆகும். ஒரே பக்கத்துக்கு இரண்டு பேரின் கண்ணும் பொறுமையும் வேண்டும் என்பதை நினைக்கும்போதெல்லாம் அவர்கள்மீது எனக்கு மதிப்புக் கூடுகிறது.

ஆகவே அம்மா, எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றிவிட முயல வேண்டாம். விவரம் இல்லாத படத்தை யாராலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. 'கோயில் 14' என்று பெயரிட்ட கோப்பு பீரோவில் கிடப்பதும் இணையத்தில் கிடப்பதும் ஒன்றுதான். கபாலீசுவரர் கோயில் அறுபத்துமூவர் விழாப் படமாக இருந்தால், எந்த மாடவீதி, எந்த ஆண்டு, யார் எடுத்தது, உங்கள் நூலகத்துக்கு எப்படி வந்தது என்று தெரிந்தவரையில் தமிழிலேயே எழுதுங்கள். தெரியாததை ஊகித்து எழுதாமல் இடத்தைக் காலியாக விட்டால், பின்னால் அறிந்தவர் ஒருவர் வந்து நிரப்புவார்.

வருடும்போது படத்தின் பின்புறத்தையும் விடாமல் வருடி ஏற்றுங்கள். பென்சிலால் கிறுக்கிய இரண்டு பெயர்களும், படம் எடுத்த ஸ்டுடியோவின் முத்திரையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.