பத்துக் கோடி பவுண்டும் பதினைந்து பேரும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் கால்பந்து ரசிகப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

நண்பர்களோடு லீக் அமைத்து இணையத்தில் ஃபேன்டசி கால்பந்து ஆடுவது ஆட்ட ரசனையை வளர்க்கிறதா, கெடுக்கிறதா என்பது இன்றைய தலைப்பு. வளர்க்கிறது என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், இந்த ஆட்டத்தால் சொந்த அணியின் மீதுள்ள பற்று போய்விடுகிறது என்றார். ரசிகன் மைதானத்தைப் பாராமல் செல்பேசியில் புள்ளிக்கணக்கு பார்க்கிறான் என்றார். போகிற போக்கில், இது அதிர்ஷ்டத்தை நம்பும் சூதாட்டத்தின் தம்பி என்றும் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். அந்தக் கைதட்டலில் ஃபேன்டசி அணி வைத்திருப்பவர்களின் கைகளும் இருந்ததை நடுவர் கவனித்திருப்பார்.

ஆடாதவர்களும் அவையில் இருப்பதால் விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது இங்கிலாந்து பிரீமியர் லீக் 2002-03 பருவம் முதல் அதிகாரபூர்வமாக நடத்திவரும் ஃபேன்டசி ஆட்டத்தைப் பற்றி. சேருவதற்குக் கட்டணம் இல்லை. கற்பனைப் பணமாகப் பத்துக் கோடி பவுண்டு தருவார்கள். அதை வைத்து இரண்டு கோல்கீப்பர், ஐந்து பின்கள வீரர், ஐந்து நடுக்கள வீரர், மூன்று முன்கள வீரர் என்று 15 பேரை வாங்க வேண்டும். ஒரே கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் எடுக்கக் கூடாது. அவர்கள் உண்மையான ஆட்டத்தில் செய்வதெல்லாம் நமக்குப் புள்ளி. முன்கள வீரர் கோலடித்தால் நான்கு, நடுக்கள வீரர் அடித்தால் ஐந்து, பின்கள வீரர் அடித்தால் ஆறு. கேப்டனுக்கு இரட்டைப் புள்ளி. வாரத்துக்கு ஒரு மாற்றம் இலவசம். அதற்கு மேல் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான்கு புள்ளி போய்விடும்.

நடுவர் அவர்களே, என் வாதத்தின் வேர் அந்தப் பத்துக் கோடியில்தான் இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பணம் எதற்கும் போதாது. 2024-25 பருவத் தொடக்கத்தில் மான்செஸ்டர் சிட்டியின் ஹாலண்டின் விலை ஒன்றரைக் கோடி. லிவர்பூலின் சலாவின் விலை ஒன்றேகால் கோடி. இருவரையும் வாங்கிவிட்டால் மீதி 13 பேருக்கு இருப்பது ஏழே கால் கோடி, அதாவது ஆளுக்குச் சராசரியாக 56 லட்சத்துக்கும் குறைவு. அந்த விலைக்கு வருபவர்கள் சுவரொட்டியில் படம் போடப்படும் வீரர்கள் அல்லர். அவர்களைத் தேடி போர்ன்மத், பிரென்ட்ஃபோர்ட், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் என்று நாம் போயே ஆக வேண்டும். அந்தப் பருவத்தில் ஃபாரஸ்ட் அணியின் கிறிஸ் வுட் 60 லட்சத்துக்குக் கிடைத்தார். முப்பது வயதைக் கடந்த அந்த நியூசிலாந்துக்காரர் லீக்கில் 20 கோல் அடித்தார். பெரிய அணிகளின் ஆட்டத்தை மட்டும் பார்க்கும் ரசிகன் அந்த இருபதில் எத்தனையைப் பார்த்திருப்பான்? ஃபேன்டசிக்காரன் அனேகமாக எல்லாவற்றையும் பார்த்திருப்பான், ஒவ்வொன்றும் அவனுக்கு நான்கு புள்ளி என்பதால்.

இன்னொருவரின் கதையைச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும். 2019இல் ஷெஃபீல்டு யுனைடெட் மேல்நிலை லீக்குக்குத் திரும்பியது. அந்த அணியின் ஜான் லண்ட்ஸ்ட்ராமை ஃபேன்டசி பட்டியல் பின்கள வீரர் என்று பதிவு செய்து, இருப்பதிலேயே குறைந்த விலையான 40 லட்சத்தைப் போட்டது. பருவம் தொடங்கியபோதோ அவர் நடுக்களத்தில் ஆடி, எதிரணியின் கோலுக்கு முன்னுள்ள பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்தார். இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் தொலைக்காட்சி வல்லுநர்கள் அல்லர். 40 லட்சத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த ஃபேன்டசிக்காரர்கள். அந்த நவம்பரில் பர்ன்லி அணிக்கு எதிரான ஆட்டத்தில் ஷெஃபீல்டு 3-0 என்று வென்றது. லண்ட்ஸ்ட்ராம் இரண்டு கோல். பின்கள வீரர் கணக்கில் அதற்குப் பன்னிரண்டு, கோல் வாங்காத அணி என்பதற்கு நான்கு, முழுமையாக ஆடியதற்கு இரண்டு, சிறந்த ஆட்டத்துக்கான கூடுதல் மூன்று, ஆக 21 புள்ளி. அன்று அவரைப் புள்ளி கணக்கில் சேராத பெஞ்சில் உட்காரவைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை அவரவர் வீட்டார்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு வீரர் பட்டியலில் இருக்கும் இடம் வேறு, களத்தில் நிற்கும் இடம் வேறு என்று பிரித்துப் பார்ப்பது பயிற்சியாளர்களின் பார்வை. அதை இந்த ஆட்டம் சாதாரண ரசிகனுக்குக் கொடுத்தது. இதையா ரசனை கெடுவது என்கிறார் எதிரணி நண்பர்?

கோலடிப்பவரை மட்டுமே இந்த ஆட்டம் கொண்டாடுகிறது என்ற குறை முன்பு நியாயமானதாகவே இருந்தது. 2025-26 பருவத்திலிருந்து அதுவும் மாறிவிட்டது. ஒரு பின்கள வீரர் ஒரே ஆட்டத்தில் பந்தை வெளியேற்றுவது, மறிப்பது, இடைமறிப்பது, காலிலிருந்து பறிப்பது ஆகியவற்றைச் சேர்த்துப் பத்து முறை செய்துவிட்டால் அவருக்கு இரண்டு புள்ளி. எவர்டனின் டார்க்கோவ்ஸ்கி தலையால் முட்டி வெளியே தள்ளும் பந்துகளை இதற்கு முன் எவர் எண்ணினார்கள்? இப்போது எட்டு, ஒன்பது என்று ரசிகன் எண்ணுகிறான். பத்தாவது விழும்போது எழுந்து நிற்கிறான்.

பற்று போய்விடுகிறது என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அர்செனல் ரசிகன் தன் ஃபேன்டசி அணியில் பரம எதிரியான டாட்டன்ஹாமின் வீரரை வைத்துக்கொண்டு அவர் கோலடிக்க வேண்டிக்கொள்கிறான், இது துரோகம் இல்லையா என்று நண்பர் கேட்டார். 2021-22 பருவத்தை எடுத்துக்கொள்வோம். டாட்டன்ஹாமின் சன் ஹியுங்-மின் 23 கோல் அடித்து, லீக்கில் அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி விருதைச் சலாவோடு பகிர்ந்துகொண்டார். அந்த 23இல் ஒன்றுகூடப் பெனால்டி இல்லை. அதே பருவத்தில் டாட்டன்ஹாம் நான்காம் இடத்தை அர்செனலிடமிருந்து பறித்தது. சன்னைத் தன் அணியில் வைத்திருந்த அர்செனல் ரசிகனுக்கு அந்த மே மாதம் வலிக்கவில்லை என்று நினைக்கிறீர்களா? நன்றாகவே வலித்திருக்கும். ஆனால் இடது காலாலும் வலது காலாலும் ஒரே கூர்மையோடு அடிக்கத் தெரிந்த ஓர் ஆட்டக்காரரை, எதிரி என்ற ஒரே காரணத்துக்காகப் பார்க்க மறுக்கும் குருட்டுத்தனம் அவனிடம் இருந்திருக்காது. அதைப் பற்றின் அழிவு என்று நண்பர் சொல்கிறார். பற்றுக்கு வயது வந்துவிட்டது என்று நான் சொல்கிறேன்.

அதிர்ஷ்டம் என்ற வாதத்தில் அதிக நேரம் செலவிட மாட்டேன். 2013இல் இதே தமிழ்நாட்டில், சென்னையில், நம் விஸ்வநாதன் ஆனந்தை வென்று உலகச் சதுரங்கப் பட்டத்தைக் கைப்பற்றிய மாக்னஸ் கார்ல்சன், 2019 டிசம்பரில் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆடிய ஃபேன்டசி பிரீமியர் லீக்கில் முதலிடத்தில் நின்றார். அதிர்ஷ்டத்துக்குச் சதுரங்கக்காரர்கள் மேல் தனிப் பிரியம் உண்டு என்று எதிரணியினர் நிரூபித்தால் நான் உட்கார்ந்துவிடுகிறேன். சூதாட்டம் என்பதற்கும் பதில் உண்டு. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றித் தடை செய்தது. அந்தத் தடையை நானும் வரவேற்கிறேன். கட்டணமும் பந்தயமும் இல்லாமல் நண்பர்கள் ஆடும் லீக்கை அதோடு சேர்த்துக் கட்டுவது வாதமாகாது.

இப்போது நண்பர்கள் லீக் என்ற பகுதிக்கு வருவோம், தலைப்பின் உயிர் அதுதான். வாரத்தின் முதல் ஆட்டம் தொடங்க 90 நிமிடம் இருக்கும்போது அணியை மாற்றுவதற்கான கெடு முடிகிறது. இங்கிலாந்தில் கோடைநேரம் நடக்கும் மாதங்களில், சனிக்கிழமை அங்கே பகல் பன்னிரண்டரைக்கு முதல் ஆட்டம் என்றால், நமக்குக் கெடு பிற்பகல் மூன்றரை மணி. அதுவரை ஒருவர் செய்யும் மாற்றம் இன்னொருவருக்குத் தெரியாது. யாரைக் கேப்டனாகப் போட்டாய் என்று கேட்டால் ஹாலண்ட் என்பான். கெடு முடிந்து அணிகள் திறந்தால் சலாவாக இருக்கும். வெளியூருக்குப் பிழைக்கப் போன பள்ளித் தோழர்கள் வாரம் தவறாமல் பேசிக்கொள்வதற்கு இந்தக் கேப்டன் பொய் ஒன்று போதும். அந்தப் பேச்சில் பாதி வசை, மீதி கால்பந்து. யாருக்குப் பின்தொடைத் தசைப்பிடிப்பு, எந்தப் பயிற்சியாளர் நடுவாரம் ஐரோப்பியப் போட்டி ஆடிவிட்டு யாரை ஓய்வில் வைப்பார், எந்த அணி கார்னரில் திணறுகிறது என்பதெல்லாம் அங்கே அலசப்படுகிறது. தனியாகத் தொலைக்காட்சி பார்ப்பவனுக்கு இதில் எது வாய்க்கும்?

செல்பேசி பற்றிய குறையில் உண்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் புள்ளிக்கணக்கு ஓடிக்கொண்டிருப்பது நண்பர் பார்க்காத மற்ற ஆட்டங்களுக்கு. கண்ணெதிரில் ஓடும் ஆட்டத்தில் தன் வீரர் இறங்கியிருந்தால் எந்த ஃபேன்டசிக்காரனும் செல்பேசியைக் கையில் எடுப்பதில்லை.

எங்கள் தரப்பில் உண்மையாகவே பலவீனமான இடம் வேறொன்று, அதை எதிரணி தொடவில்லை. டிசம்பர் வந்ததும் கடைசி இடங்களில் இருப்பவர்கள் அணியை அப்படியே கைவிட்டுவிடுகிறார்கள். காயம்பட்ட வீரரே மே வரை கேப்டனாகக் கிடப்பார். லீக்குக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை இல்லை. மொத்தப் புள்ளியை மட்டும் கூட்டும் முறையில் ஆடினால் இது நடக்கவே செய்யும். நண்பர்கள் லீக்குக்கு ஏற்றது வாராவாரம் இருவர் நேருக்கு நேர் மோதும் முறைதான் என்பது என் கருத்து: வென்றால் மூன்று, சமன் செய்தால் ஒன்று. கடைசி இடத்தில் இருப்பவனும் அந்த வாரத்தில் முதலிடக்காரனைக் கவிழ்க்கலாம், கவிழ்த்துவிட்டு அடுத்த கெடு வரை குழுவில் அவனை நிம்மதியாக இருக்கவிடாமல் செய்யலாம்.

எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணித் தலைவரிடம் ஒரு கேள்வியை வைத்துவிட்டு அமர்கிறேன். பருவத்தின் கடைசி வாரமான 38ஆவது வாரத்தில் பத்து ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. பட்டம் ஏற்கெனவே முடிவாகிவிட்ட ஒரு பருவத்தில், பட்டியலின் நடுவில் நிற்கும் இரண்டு அணிகள் எதற்கும் அல்லாமல் ஆடும் அந்தக் கடைசி ஆட்டத்தின் 85ஆவது நிமிடத்தை, இங்கே உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பவர் யார்? அவர் ஃபேன்டசி ஆடாதவர் என்றால் அவரை இந்த மேடைக்கு அழைத்து வாருங்கள். நன்றி, வணக்கம்.