ஒரே மாதத்தில் 64 பள்ளங்கள்! தண்ணீருக்காக மோதிக்கொண்ட 6 அரசுகள் கைகோத்தது எப்படி?

1964 ஏப்ரல். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம், டாம்பா நகருக்கு வடமேற்கே ஓரிடம். ஒரே மாதத்துக்குள், ஒரு மைல் தூரத்துக்குள், 64 இடங்களில் தரை உள்வாங்கிப் பள்ளமாகிவிட்டது. நிலநடுக்கம் இல்லை, வெள்ளம் இல்லை. பூமிக்கடியில் இருந்து தண்ணீரை இறைத்ததுதான் காரணம்!

[திரையில்: டாம்பா விரிகுடா வரைபடம்]

பின்னணியைச் சட்டென்று பார்த்துவிடலாம். டாம்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரைச் சுற்றி மூன்று பக்கமும் கடல். உள்ளூர்க் கிணறுகள் உப்பாகிவிட்டன. அதனால் அந்த நகரம் அடுத்த மாவட்டத்தில் நிலம் வாங்கி, அங்கே கிணறு போட்டுக் குழாயில் தண்ணீர் கொண்டுவந்தது. 'செக்‌ஷன் 21' என்ற கிணற்றுத் தொகுதி 1963இல் தொடங்கியது. பள்ளங்கள் விழுந்தது இங்கேதான். அடுத்த ஆண்டே இறைக்கும் அளவு கிட்டத்தட்ட மூன்று மடங்கானது.

சரி, தரை ஏன் இறங்கியது? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் அசரவைக்கும் விஷயமே இதுதான். ஃப்ளோரிடாவுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. கறையான் அரித்த மரம் மாதிரி உள்ளே முழுக்கப் பொந்துகள். அந்தப் பொந்துகளில் நிறைந்திருந்த தண்ணீர்தான் மேலே இருக்கும் மண்ணுக்கு முட்டுக்கொடுத்து நின்றது. நிலத்தடி நீர்மட்டம் இறங்கியதும் அந்த முட்டு போய்விட்டது. மணல் சரிந்து உள்ளே விழ, மேலே பள்ளம். பெரும்பாலான பள்ளங்கள் எந்தக் கிணற்றைச் சுற்றி வந்தன தெரியுமா? மற்றவற்றைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இறைத்துக்கொண்டிருந்த ஒரே ஒரு கிணற்றை!

அப்புறம் ஏரிகள் வற்றின. படகுத்துறைகள் காய்ந்த புல்லுக்கு மேல் நின்றன. பல்லாண்டு வழக்குகள். 1974இல் ஒரு பொது ஆணையம் அமைத்தும் சண்டை ஓயவில்லை.

திருப்பம் 1998இல் வந்தது. ஹில்ஸ்பரோ, பாஸ்கோ, பினெல்லாஸ் ஆகிய 3 மாவட்டங்களும், டாம்பா, செயின்ட் பீட்டர்ஸ்பர்க், நியூ போர்ட் ரிச்சி ஆகிய 3 நகரங்களும் 'டாம்பா பே வாட்டர்' என்ற ஒரே அமைப்பிடம் தங்கள் கிணற்றுத் தொகுதிகளை ஒப்படைத்தன. டாம்பா மட்டும் தன் ஹில்ஸ்பரோ ஆற்று நீரைத் தொடர்ந்து வைத்துக்கொண்டது. நிர்வாகக் குழுவில் மாவட்டத்துக்கு 2, நகரத்துக்கு 1 என்று 9 பேர். மக்கள்தொகை மிகுந்த பினெல்லாஸுக்கும், தண்ணீர் கொடுத்து ஏரிகளை இழந்த பாஸ்கோவுக்கும் சம இடம்.

என்னைக் கேட்டால், ஒப்பந்தத்தின் உயிர்நாடி ஒரே மொத்த விலைதான். ஆற்று நீரோ, கிணற்று நீரோ, கடல்நீரைச் சுத்திகரித்ததோ, ஆறு பேருக்கும் ஒரே விலை. பக்கத்து ஊர்க் கிணற்றைக் கூடுதலாக உறிஞ்சினால் தனக்கு லாபம் என்ற நிலையே போய்விட்டது! புதிய நீர் ஆதாரங்களை உருவாக்க, அப்பகுதியின் நீர் மேலாண்மை வாரியமும் 18.3 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

[திரையில்: நீர்த்தேக்கம்]

அந்தப் புதிய ஆதாரங்களில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலை தாமதமானது, நீர்த்தேக்கத்தில் விரிசல் கண்டு பழுதுபார்க்க வேண்டியிருந்தது. ஆனாலும் நிலத்தடி நீர் எடுப்பதற்கான வரம்பு நாளொன்றுக்கு 19.2 கோடி கேலனில் இருந்து 9 கோடியாக இறங்கியது. வறண்டிருந்த ஏரிகளிலும் சதுப்பு நிலங்களிலும் பெரும்பாலானவை மீண்டுவிட்டன, அல்லது தேறி வருகின்றன.

உங்கள் ஊருக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் வருகிறதா? அது எந்த ஊரில் இருந்து கிளம்பி வருகிறது, அந்த ஊர்க்காரர்களுக்கு முடிவெடுப்பதில் இடம் உண்டா? விசாரித்துக் கமெண்டில் எழுதுங்கள்.