ஆடிப் பார்க்கக்கூடிய ஒரு விண்ணப்பம்

(பொறியியல் கல்லூரி ஒன்றின் அரங்கில் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவ மாணவியர்க்கும் என் வணக்கம்.

இந்த மேடைக்கு வருவதற்கு முன்பே மூன்று மாணவர்கள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்: "சார், கேம் துறையில் வேலைக்குச் சேர எந்தக் கோர்ஸ் படிக்க வேண்டும்?" வங்கி வேலைக்கும் அரசுத் தேர்வுக்கும் அப்படி வழி கேட்டே பழகியவர்கள் நாம், அதனால் கேள்வியில் தவறு காண மாட்டேன். ஆனால் கணினி விளையாட்டுகளைத் தயாரிக்கும் ஒரு ஸ்டுடியோவில் விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்க்க உட்காருகிறவர், மதிப்பெண் பட்டியலைத் தேடுவதற்கு முன்பு, நீங்கள் செய்த விளையாட்டு எதையாவது ஐந்து நிமிடம் ஆடிப் பார்க்க முடியுமா என்றுதான் தேடுவார்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டிஜிபென் என்றொரு கல்லூரி இருக்கிறது. அங்கே படித்த சில மாணவர்கள், சுவரில் வாசல்களை உண்டாக்கி ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளியேறும் 'நார்பகுலர் டிராப்' என்ற சிறிய விளையாட்டைத் தங்கள் இறுதியாண்டுப் பணியாகச் செய்து, 2005இல் வேலைவாய்ப்புக் கண்காட்சியில் வைத்தார்கள். அதைப் பார்த்த வால்வ் என்ற கேம் நிறுவனத்தார் அவர்களை அழைத்து, நிறுவனத் தலைவர் கேப் நியூவெல் முன்னிலையில் ஆடிக் காட்டச் சொல்லி, அந்தக் குழுவையே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதே யோசனை வளர்ந்து 2007இல் 'போர்ட்டல்' ஆக வெளிவந்தது. அந்த மாணவர்களின் படங்களும் ஒலியும் மிக எளிமையானவை. ஆனால் ஒரு புதிய யோசனை தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஆடக்கூடியதாக அங்கே இருந்தது.

எரிக் பரோன் கதையை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கணினி அறிவியல் பட்டம் பெற்றும் வேலை கிடைக்காத அவர், நிரல் எழுதும் பயிற்சிக்காகத் தொடங்கிய ஒரு விவசாய விளையாட்டு, நான்கரை ஆண்டுகள் கழித்து, 2016 பிப்ரவரியில் 'ஸ்டார்டியூ வேலி' என்று வெளியாகிக் கோடிக்கணக்கான பிரதிகள் விற்றது. இந்தக் கதையைச் சொல்லி, வேலையை விட்டுவிட்டுத் தனியே உட்காரச் சொல்பவர்களை நம்பாதீர்கள். அவர் அந்த ஆண்டுகளில் ஒரு கலையரங்கில் பகுதிநேரமாக வேலை பார்த்தார். வீட்டிலும் துணை இருந்தது. நாம் பின்பற்றத்தக்கது அவர் தொடங்கிய காரணம்தான்: பழகுவதற்காக ஒன்றைச் செய்வது. ஆனால் ஆட்டத்தின் அளவை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் ஆட்டமே விருப்பம்போல் சுற்றித் திரியும் பெரிய திறந்த உலகமாக இருக்க வேண்டும் என்று தொடங்கும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கதாநாயகனின் வாள் மட்டும் அழகாக முடிந்திருக்கும். நடக்க நிலம் இருக்காது. ஒரே திரையில் அடங்கும் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் தொடக்கத் திரை வேண்டும். இடையில் நிறுத்தி மீண்டும் தொடர வழி வேண்டும். ஒலியைக் குறைக்க வழி வேண்டும். தோற்றவர் உடனே மறுபடி ஆட முடிய வேண்டும். உங்கள் அத்தை மகன் கையில் கொடுத்தால், நீங்கள் பக்கத்தில் நின்று விளக்காமலே அவனுக்குப் புரிய வேண்டும். கடைசிப் பத்து விழுக்காடு என்று நாம் நினைப்பது, உட்கார்ந்து பார்த்தால், பாதி வேலையாக இருக்கும். இதைச் செய்து பார்த்தவர் யார், பாதியில் விட்டவர் யார் என்பது நேர்காணலில் இரண்டாவது கேள்விக்குள் தெரிந்துவிடும்.

பழகுவதற்குக் கேம் ஜாம்கள், அதாவது குறுகிய கெடுவுக்குள் ஆட்டம் செய்யும் நிகழ்வுகள், நல்ல இடம். லூடம் டேர் 2002 முதலும், குளோபல் கேம் ஜாம் 2009 முதலும் நடந்துவருகின்றன. பெரும்பாலும் 48 மணி நேரத்தில் ஒரு ஆட்டத்தை முடித்தாக வேண்டும். பலரும் பாராட்டிய 'செலஸ்ட்' கூட, நான்கு நாட்களில் செய்த ஒரு சிறு ஆட்டத்திலிருந்து வளர்ந்ததே. எந்த எஞ்சின், அதாவது ஆட்டத்தை உருவாக்கும் மென்பொருள், என்று கேட்பீர்கள். கோடோ முற்றிலும் இலவசம், அதன் மூலநிரலும் திறந்தே இருக்கிறது; யூனிட்டி, அன்ரியல் இரண்டையும் கற்கப் பணம் வேண்டாம்; முப்பரிமாண உருவங்கள் செய்யும் வேலைக்கு பிளெண்டர் என்ற மென்பொருள் போதும். 2023இல் யூனிட்டி புதிய கட்டணத்தை அறிவித்துக் கடும் எதிர்ப்பைச் சந்தித்து, மறு ஆண்டு அதைக் கைவிட்டது. ஆகவே கருவியின் மீது பக்தி வைக்காமல், அடிப்படையைக் கற்றுக்கொள்ளுங்கள்.

குழுவாகச் செய்தால் இன்னொன்று முக்கியம். "நாங்கள் செய்தோம்" என்று எழுதாமல், எதிரியின் நடத்தைக்கான நிரல் என்னுடையது, இரண்டாம் கட்டத்தின் அமைப்பு என்னுடையது என்று பிரித்து எழுதுங்கள். ஸ்டுடியோக்கள் 'கேம் டெவலப்பர்' என்ற பொதுவான ஆளைத் தேடுவதில்லை. நிரலாளர், அனிமேட்டர், ஆட்டத்தின் கட்டங்களை அமைக்கும் லெவல் டிசைனர், ஒலி வடிவமைப்பாளர், ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் டெஸ்டர் என்று குறிப்பிட்ட இடத்துக்கே ஆள் எடுக்கிறார்கள். யோசனை மட்டும் சொல்லும் வேலை என்று ஒன்று இல்லை. அதை நம்பி வருகிறவர்கள்தான் அதிகம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

நம் நாட்டில் வேலைகள் பெங்களூரு, புனே, ஐதராபாத் போன்ற நகரங்களில் குவிந்திருக்கின்றன. 1997இல் பெங்களூருவில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் போல, வெளிநாட்டு ஆட்டங்களுக்கு வண்டிகளும் கட்டடங்களும் வரைந்து கொடுத்தே பல நிறுவனங்கள் வளர்ந்தன. அதைச் சிறுமையாக எண்ண வேண்டாம்; குறித்த நாளில் குறித்த தரத்தில் கொடுக்கும் பழக்கம் அங்கேதான் வரும். சொந்தக் கதைக்கும் இடமுண்டு. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா', கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை மையமாகக் கொண்டது; ஒரு மாலைப் பொழுதில் ஆடி முடித்துவிடலாம். அது 2024இல் அறிமுகப் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றது.

பெற்றோருக்கும் ஒரு சொல். கேம் என்றாலே பணம் கட்டி ஆடும் ரம்மி என்று அஞ்ச வேண்டாம். 2025ஆம் ஆண்டின் ஒன்றிய அரசுச் சட்டமே பண ஆட்டங்களைத் தனியே பிரித்துத் தடை செய்திருக்கிறது. அஞ்ச வேண்டியது வேறொன்று: 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரையும், அடுத்த மாதம் சோனி ஏறத்தாழ 900 பேரையும் நீக்கின. அனுபவசாலிகளே வேலை தேடும் சந்தையில்தான் நீங்கள் நுழைகிறீர்கள். எனவே பட்டத்தைப் பாதியில் விடாதீர்கள்; இங்கே கற்கும் நிரலாக்கம் வேறு துறையிலும் சோறு போடும்.

விண்ணப்பம் அனுப்பும்போது நிறுவிப் பார்க்கும்படி பெரிய கோப்பை இணைக்காமல், உலாவியிலேயே திறக்கும் இணைப்பைக் கொடுங்கள்; அதை அனுப்புமுன் வேறொருவரின் பழைய கணினியில் திறந்து பாருங்கள். மீதி நேரம் உங்களுடையது. யாருடைய லேப்டாப்பிலாவது ஆடக்கூடிய நிலையில் எதுவும் இருந்தால், கேள்விகளுக்கு முன் அதை மேடைக்கு எடுத்து வாருங்கள்.