ஜன்னலுக்கு நடுவே கொஞ்சம் சுவர்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் டார்பிஷர் பகுதியில், ஒரு மேட்டின்மேல் ஹார்ட்விக் ஹால் என்று ஒரு மாளிகை இருக்கிறது. 'ஹார்ட்விக் ஹாலில் சுவரைவிடக் கண்ணாடிதான் அதிகம்' என்று அதைப்பற்றி ஒரு பழைய சொலவடையே உண்டு.

1590இல் தொடங்கி 1597இல் குடியேறினார் அதைக் கட்டிய சீமாட்டி எலிசபெத். ஊர் வாயில் அவர் பெயர் பெஸ். நான்கு முறை மணந்தவர், அறுபது வயதுக்கு மேல் இந்த வீட்டைக் கட்ட இறங்கினார். கூரைக்கு மேல் எழும் ஆறு கோபுரங்களின் உச்சியிலும் தன் பெயரின் முதலெழுத்துகளைக் கல்லில் வெட்டி நிறுத்தினார். அடக்கம் என்பது அவர் அகராதியில் கிடையாது போலும்!

அந்தக் காலத்தில் கண்ணாடி என்றால் காசு. சின்னச் சின்னச் சில்லுகளை ஈயப் பட்டியில் கோத்துத்தான் ஜன்னல் செய்வார்கள். பெஸ்ஸுக்குச் சொந்தமாகக் கண்ணாடிப் பட்டறையே இருந்ததால் கை தாராளமாக நீண்டது.

வெளியே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒன்று புரியும். மேலே போகப் போக ஜன்னல்கள் உயர்ந்துகொண்டே போகின்றன. கீழே வேலையாட்கள், நடுவில் குடும்பம், உச்சியில் பெரிய விருந்தாளிகளை வரவேற்கும் கூடம். எந்தத் தளத்துக்கு எவ்வளவு மரியாதை என்பதை ஜன்னலே சொல்லிவிடுகிறது.

சரி, இத்தனை திறப்பு வைத்த வெளிச்சுவர் எப்படி நிற்கிறது? வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன் என்பார்கள். வீட்டின் நடுவே தடிமனான சுவர் ஒன்றை எழுப்பி, புகைபோக்கிகளில் பலவற்றை அதற்குள்ளேயே அடக்கினார். பாரத்தை அந்த நடுச்சுவர் தாங்கியதால், வெளிச்சுவரில் கண்ணாடிக்கு இடம் கிடைத்தது. ஒரு சின்னத் தில்லுமுல்லும் உண்டு. இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டுமே என்று, சில இடங்களில் சும்மா ஒப்புக்கு ஜன்னல்! கண்ணாடிக்குப் பின்னால் புகைபோக்கிதான். எனக்கு இந்த வீட்டில் மிகவும் பிடித்ததே இந்தப் பொய்தான்.

அப்புறம், மேல்மாடியில் ஏறத்தாழ 50 மீட்டர் நீளத்துக்கு ஒரு நடைக்கூடம். குளிரிலும் மழையிலும் உள்ளேயே உலாவலாம். அதன் சுவரில், பைபிளில் வரும் கிதியோன் என்ற வீரனின் கதையை நெய்த 13 பெரிய திரைகள். காலமான ஒரு பிரபுவின் வாரிசிடமிருந்து 1592இல் வாங்கியவை. அவற்றில் அந்தப் பிரபுவின் குலச்சின்னம் இருந்ததால், அதை மாற்றும் செலவுக்கென்று விலையில் 5 பவுண்டு குறைத்துக்கொண்டார் பெஸ். பிறகு தன் சின்னத்தைத் துணியில் வரைந்து, அதன்மேல் ஒட்டுப்போட்டுவிட்டார்.